ஊருக்கு ஒரே வலி

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்கு, தச்சனேந்தல் மேலரத வீதியில் கட்டில் செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் சுத்தியலால் தன் இடது கட்டைவிரலை நசுக்கிக்கொண்டார்; அதே நொடியில் தபாலாபீசில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவரும், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும், பஸ்ஸைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்த ஓட்டுநரும், குளத்தில் முங்கி எழுந்துகொண்டிருந்த பெண்களும், கோயிலில் கற்பூரத் தட்டைத் தூக்கியிருந்த குருக்களும், ஆக மொத்தம் பதினோராயிரம் பேரும் இடது கையை உதறிக்கொண்டு பல்லைக் கடித்தார்கள். ஊர் இதை அப்படியொன்றும் அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டுத் தச்சன் வேலை நேரத்தில் பராக்குப் பார்த்தது என்றுதான் முதலில் விசாரித்தார்கள். தச்சரைக் கண்டுபிடித்து நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அதற்குக் கால்மணி நேரம் முன்னால், டயர்க் கடை மாடியிலிருந்த கணினி மையத்தில், சண்முகவடிவு தன்னுடைய முதல் நிரலை எழுதி ஓடவிட்டிருந்தாள். நாற்பத்து நான்கு வயதில் நிரல் எழுதிப் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவளுக்குக் கிடையாது. பத்தொன்பது வருஷமாக அவள் ஊரின் ஒரே டாக்டரிடம் சீட்டு எழுதுகிறவள். அச்சடித்த சீட்டில் பெயர், வயது எழுதி, வந்தவரின் முகத்தைப் பார்த்து "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணையும் எழுதி, முத்திரை குத்தி உள்ளே அனுப்புவாள். டாக்டர் திடீரென்று கணினி வாங்கிவிட்டார். சீட்டையெல்லாம் இனி அதில்தான் எழுத வேண்டும், போய்க் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

கற்றுக்கொடுத்தவள் பெனிட்டா, இருபத்து மூன்று வயதுப் பெண். வடிவு அவளை மிஸ் என்பாள், அவள் வடிவை அக்கா என்பாள். கிளாஸ் என்பது அச்சடித்த வெறும் சீட்டு, அதை வைத்து உண்டாக்கும் ஒவ்வொன்றும் எழுதி நிரப்பிய சீட்டு, அவ்வளவுதான் சமாசாரம் என்று பெனிட்டா சொன்னபோது வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இதைத்தானே நாம் பத்தொன்பது வருஷமாகச் செய்கிறோம் என்று. தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்றதும் அவளுக்கு இன்னும் தைரியம் வந்தது. 'ஊர்க்காரர்' என்று ஒரு கிளாஸ் எழுதினாள். அதற்குள்ளே பெயர், வயது, வலி. பிறகு இரண்டு ஊர்க்காரர்களை உண்டாக்கினாள். முதலாவது அவள் புருஷன் கோமதிநாயகம், வலி ஒன்பது. இரண்டாவது அவள், முழங்கால் வலி, இரண்டு.

அந்த ஒன்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோமதிநாயகம் பஸ் கண்டக்டராக இருந்தவர். பதினொரு மாதமாக அவருடைய வலது தொடை எலும்பைப் புற்று தின்றுகொண்டிருந்தது. மாத்திரைகள் கைவிட்ட பிறகு துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். அவர் கடித்துக் கிழித்த துண்டுகளை வடிவு துவைத்துக் கொடியில் போடும்போது பக்கத்து வீட்டுக்காரிகள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவரைப் பார்க்க முடியாமல்தான், சரி, கற்றுக்கொள்கிறேன் என்று அவள் காலை நேரத்தில் வெளியே வந்தாள் என்பதும் உண்மை. அந்த உண்மையை நினைத்து அவள் தன்னை வெறுத்தாள்.

நிரலின் கடைசி வரியில், யாருடைய வலி என்று சொல்லாமல், வெறுமனே வலியைக் காட்டு என்று எழுதிவிட்டாள். கணினி சிவப்புக் கோடு போட்டு நின்றது. யாருடைய வலி என்பது அதற்குத் தெரியவேண்டியிருந்தது. பெனிட்டா போனில் இருந்தாள். வடிவு மேலே பார்த்தாள். ஓடத் தொடங்கும் வரியில் 'ஸ்டேட்டிக்' என்றொரு வார்த்தை இருந்தது, அந்த வரிமீது கணினிக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முத்திரை விட்டுப்போன சீட்டை டாக்டர் திருப்பி அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? ஒரு குத்து குத்தி மறுபடி உள்ளே அனுப்புவாள். அதேபோல அந்த வார்த்தையைக் கொண்டுபோய் 'வலி'க்கு முன்னால் குத்தினாள். சிவப்புக் கோடு போய்விட்டது, நிரல் ஓடியது. கோமதிநாயகம், இரண்டு. சண்முகவடிவு, இரண்டு. வலி, இரண்டு.

அது தப்பு என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் புருஷன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு என்று நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், திருத்த மனம் வரவில்லை. தன் கை திடீரென்று வலித்ததைக்கூட அவள் பெரிதாக எண்ணவில்லை. வீட்டுக்குப் போனபோது கோமதிநாயகம் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். துண்டு தரையில் கிடந்தது. அவள் நிலைப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள், சந்தோஷத்தில்.

இப்படியாக ஊருக்கு வலி ஒன்றே ஒன்றாயிற்று. யாருக்குக் கடைசியாக வலித்ததோ அதுவே எல்லோருக்கும் வலி, அடுத்தவருக்கு வலிக்கும்வரை. ஒருவர் தேளில் மிதித்தால் பதினோராயிரம் பேர் துள்ளுவார்கள், துள்ளி முடிப்பதற்குள் இன்னொருவர் நாக்கைக் கடித்துக்கொள்வார், அதோடு தேள் மறந்துபோகும். ஒரு மாதத்துக்கு ஊரில் ஏச்சுப் பேச்சு தாளவில்லை. செருப்பு போடாமல் நடக்கிறவர்களையும், முகத்தை அவசரமாக மழிக்கிறவர்களையும், பிள்ளைகளை அடிக்கிறவர்களையும் தெருவில் போகிறவர்களே நிறுத்திக் கேட்டார்கள். சொத்தைப் பல்லோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தவர்களை அண்டைவீட்டார் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் போனார்கள். இது நல்லதற்குத்தானே என்று அப்போது பலரும் சொன்னதுண்டு.

ஆடி மாதம் கீழத் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். காலை ஏழு மணிக்கு இடுப்பு வலி எடுத்தது. ஒவ்வொரு அலைக்கும் ஊர் முழுவதும் சுருண்டது. பஸ்கள் நடுரோட்டில் நின்றன, ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பெஞ்சிலிருந்த கிழவர்கள் தரையில் உருண்டார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள், பெறாத ஆண்கள்தான் தாயே தாயே என்று கத்தினார்கள். பேரூராட்சித் தலைவர் தங்கப்பழம் தன் அலுவலகத்து மேசைக்கு அடியில் கிடந்தார். அப்படிக் கிடந்தபோதும் அவர் ஒன்றைக் கவனித்தார். நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் ஏதோ ஒரு நர்ஸ் தன் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டாள். அந்தப் பெரிய வலி சட்டென்று அணைந்து, அடுத்த அலை வரும்வரை எல்லோருக்கும் ஊசிக் குத்து மட்டுமே இருந்தது. தங்கப்பழம் படிக்காதவர், ஆனால் முட்டாள் இல்லை.

மறுவாரமே பேரூராட்சி வாசலில், தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில், ஒரு நாற்காலி வந்தது. அதில் ஒருவர் உட்கார வேண்டியது. பக்கத்தில் நிற்பவர் அரை நிமிஷத்துக்கு ஒருமுறை, துணி காயப்போடும் கிளிப்பால் அவர் முன்கையைக் கவ்வி எடுக்க வேண்டியது. அவ்வளவுதான். ஊரில் எவருக்கு எங்கே எது நேர்ந்தாலும் அரை நிமிஷத்துக்குள் அது கிளிப்புக் கடியாக மாறிவிடும். பத்துக்கு ஒன்று. கிள்ளுப் பந்தல் என்று அதற்குப் பெயர் வந்தது. தெருவுக்கு ஒரு நாள், வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்தார்கள். முதல் நாள் தங்கப்பழமே மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

அதற்கப்புறம் தச்சனேந்தல் ஒரு சுகமான ஊராக இருந்தது. மயக்க ஊசி இல்லாமல் பல் பிடுங்கினார்கள். மூட்டு வலிக்காரர்கள் மலைக் கோயிலுக்கு ஓடியே ஏறினார்கள். கோமதிநாயகம் எழுந்து நடந்தார், கடைத்தெரு வரைக்கும் போய் டீ குடித்தார், பஸ் ஸ்டாண்டில் நின்று பழைய பழக்கத்தில் கூட்டத்தை வரிசைப்படுத்தினார். ஒரு நாள் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்த ஒன்பது திரும்ப வேண்டாம் வடிவு. நாளைக்கே சாகுதேன், பரவால்ல. அதைமட்டும் வரவிட்டுராத, சத்தியம் பண்ணு" என்றார். அவள் செய்துகொடுத்தாள்.

பிறகு மற்றது தொடங்கியது. வடைச் சட்டியருகே பேசிக்கொண்டிருந்த மாஸ்டர் ஒருவர், பேச்சு சுவாரஸ்யத்தில் எண்ணெய்க்குள் கையை வைத்தபடியே பேசி முடித்தார். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பிள்ளைகளின் பாதங்கள் சிவப்பாகப் பதிந்துகிடந்தன, கண்ணாடிச் சில்லை மிதித்தது யார் என்று ஆசிரியைகள் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பெண் பஸ்ஸுக்கு நின்ற இடத்திலேயே பிள்ளை பிறந்தது. சத்தம் கேட்டு அவள் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஊர் இதற்கும் ஒரு வழி வைத்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும், பேன் பார்க்கிற மாதிரி, ஒருவர் உடம்பை ஒருவர் பார்ப்பது வழக்கமாயிற்று. உள்ளங்கால், முதுகு, நாக்குக்கு அடி, காது மடல். உள்ளே நடப்பதை யார் பார்ப்பது? தபால்காரர் குடல்வால் வெடித்து, கடிதம் பிரித்துக்கொண்டிருந்தபடியே செத்தார். ஒரு மாதத்தில் ஒன்பது பேர். சுவரொட்டிகளில் 'அகால மரணம்' போய் 'வலியின்றி மறைந்தார்' என்று அச்சடிக்கத் தொடங்கினார்கள். இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு, கொடுத்துவைத்தவர் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

வடிவு எல்லாவற்றையும் தன் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் குறைந்துபோனார்கள், வந்தவர்களும் தாமதமாகத்தான் வந்தார்கள். கண்ணில் மஞ்சள் ஏறி, வயிறு கல்லாகி, கை வைத்தால் குழிகிற வீக்கத்தோடு வந்து நின்று, பத்துக்கு எவ்வளவு என்றால், ஒன்று என்றார்கள். ஒன்று, ஒன்று, ஒன்று என்று அவள் எழுதினாள். எழுதுகிறபோதெல்லாம் தன் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கும் மனிதர் நினைவுக்கு வருவார், அவள் பேனாவை மூடி வைத்துவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு நாள் வேலாயி வந்தாள். பேரூராட்சியில் தெருக்கூட்டும் தற்காலிக வேலைக்காரி. கிள்ளுப் பந்தல் முறை தெருவுக்குத் தெரு சலித்து, ஒருவர் சாக்குச் சொல்லி, இன்னொருவர் மாற்றிவிட்டு, கடைசியில் முடியாது என்று சொல்லமுடியாத அவள் தலையில் வந்து இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கிளிப்பு கவ்விய இடம் மரத்துப்போனால் கொஞ்சம் மேலே, அதுவும் மரத்தால் இன்னும் மேலே. முந்தானையை விலக்கிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை கை கறுத்து, நாற்றம் எடுத்துக்கொண்டிருந்தது.

"பத்துக்கு எவ்வளவு வேலாயி?"

"ஒண்ணுதாங்க்கா" என்றாள் வேலாயி. "எல்லாருக்கும் உள்ளதுதான எனக்கும்."

டாக்டர் அந்தக் கையை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த நான்காம் நாள் தங்கப்பழம் பழக்கூடையோடு பார்க்க வந்தார். நல்ல மனிதர்போலத்தான் பேசினார், கண்கூடக் கலங்கியது. அவள் பிள்ளைக்குப் பேரூராட்சியில் வேலை போட்டுத்தருவதாகச் சொன்னார். கிளம்பும்போது, அலமாரியில் மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்த வடிவின் காதில் விழும்படியாகவே, "உடம்பு தேறட்டும் தாயி, மெதுவா வா. இன்னொரு கை இருக்குல்லா" என்றார்.

வடிவு நேராக டயர்க் கடை மாடிக்கு ஏறினாள். பெனிட்டாவிடம் திரையைத் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். பெனிட்டா ஒருமுறை படித்தாள், முகம் வெளுத்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையால்தான் வலி எல்லாச் சீட்டுக்கும் பொதுவாகிவிட்டது, அதை எடுத்தால் அவரவர் வலி அவரவருக்குப் போய்விடும் என்றாள். தானே அழித்துப் பார்த்தாள், அது மறுபடி வந்து நின்றது. எழுதிய கைதான் எடுக்க வேண்டும் போலிருந்தது. வடிவு உட்கார்ந்தாள். வார்த்தையை எடுத்தாள், யாருடையது என்று சொல்லாத கடைசி வரியையும் எடுத்தாள். இனி ஓடவிட வேண்டியதுதான். திரையில், அவள் கையாலேயே எழுதியது, கோமதிநாயகம், வலி ஒன்பது என்று இருந்தது.

ஓடவிட்டால் அந்த ஒன்பது அவரிடம் போகும். அவர் ஒருவரிடம். அவள் கொடியில் போட்ட துண்டுகளை நினைத்தாள், செய்துகொடுத்த சத்தியத்தை நினைத்தாள். பெனிட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வடிவு ஒன்பதை அழித்து அங்கே ஒரு சுழி, வெறும் பூஜ்யம், போட்டாள். போட்டுவிட்டு ஓடவிட்டாள்.

நாலு மாதத்து வலி தச்சனேந்தலுக்கு ஒரே நண்பகலில் வந்து சேர்ந்தது. வெந்த கைகளும், வெட்டுண்ட பாதங்களும், மயக்கமில்லாமல் பிடுங்கிய பற்களும், ஏறிய மலைகளும், ஒவ்வொன்றும் தன் ஆளைத் தேடி வந்து உட்கார்ந்தன. ஊர் ஓலமிட்டது. ஆனால் இந்தமுறை ஒவ்வொருவரும் தனியாக ஓலமிட்டார்கள், அடுத்தவனுக்கு என்ன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கிள்ளுப் பந்தலில் வேலாயிக்கு அப்புறம் பிடித்துப்போட்ட ஆளை வெறிபிடித்தாற்போல் கிளிப்பால் கவ்விப் பார்த்தார்கள். அவன்தான் அலறினான், வேறெவருக்கும் ஒன்றும் குறையவில்லை.

இரண்டு நாள் ஊர் படுத்துக்கிடந்தது. கோமதிநாயகம் மட்டும் நடந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் கொடுத்தார், கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்தார், வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்தார். அந்த முனகல் ஊருக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புற்று வந்த மனிதருக்கு மட்டும் எப்படி வலிக்காமல் போயிற்று? பெனிட்டாவுக்கு அப்போது காதுவலி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள்; கேட்டவர்களிடம் அவளால் மறைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் டயர்க் கடை மாடியில் வடிவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, கும்பிட்டார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரு வரி, பேருக்குப் பக்கத்தில் ஒரு சுழி, வேறொன்றும் கேட்கவில்லை. வரிசை படியிறங்கி, ரோட்டைக் கடந்து, மேலரத வீதி தாண்டிக் குளக்கரைவரை போயிற்று. தங்கப்பழமும் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். கோமதிநாயகம் மேலும் கீழுமாக ஏறி இறங்கிக்கொண்டு, நெருக்காதீங்க, ஒவ்வொருத்தரா வாங்க என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தினார். நோய் வந்ததிலிருந்து அவர் குரலில் இல்லாத தெம்பு அன்றைக்கு இருந்தது.

முதல் ஆளாக வேலாயியை அனுப்பினார்கள். ஊருக்கு அவள் விஷயத்தில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. மடித்துக் கட்டிய வெற்று ரவிக்கைக் கையோடு அவள் வந்து நின்றாள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. வடிவு அவள் பெயரைத் தட்டிவிட்டு, சுழிக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"எனக்கு வேண்டாங்க்கா" என்றாள் வேலாயி. "வலிக்கவும்தான் கட்டை விலக்கி அக்குளப் பாத்தேன், அங்கயும் புண்ணு வச்சிருக்கு. டாக்டரு மருந்து போட்டுருக்காரு. தெரியாம இருந்திருந்தா இந்நேரம் போயிருப்பேன்." பிறகு வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டுக்காரவுக வேட்டிய நீங்க பாக்கலையாக்கா? படியெல்லாம் ரத்தம். அத மிதிச்சுக்கிட்டுத்தான் நான் மேல வந்தேன்."

வடிவு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே கோமதிநாயகம் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டிருந்தார். வலது தொடை நடுவில் மடிந்து, கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே வேட்டி வெள்ளையாக இல்லை. துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது எலும்பு என்று புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் அந்தக் காலை ஊன்றித்தான் நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரவர் முறை வரவேண்டுமே. அண்ணாந்து அவளைப் பார்த்து அவர் சிரித்தார், நீ எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோலக் கையை ஆட்டினார்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். சத்தியம் செய்த கை என்று ஒரு நினைப்பு வந்தது, அது அவளைக் கொன்றது. பத்துக்கு எவ்வளவு என்று இந்தமுறை அவள் யாரையும் கேட்கவில்லை. ஜன்னலில் பார்த்ததற்கு எவ்வளவோ அவ்வளவை, கோமதிநாயகம் என்ற பெயருக்குப் பக்கத்திலிருந்த சுழியை அழித்துவிட்டு எழுதினாள். எழுதி ஓடவிட்டாள்.

கீழே, "தள்ளாதீங்க, எல்லாருக்கும் கிடைக்கும், எல்லாரு" என்று கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் குரல் நின்றது. குளக்கரைவரை நீண்ட அந்த வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.